மசாஜ் மேசையில் படுப்பதற்கு முன்னும் பின்னும்: வடசென்னைவாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன்பே ஐஸ் பெட்டி தூக்குபவர்கள், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வாடிக்கையாளரைக் கவனிக்கும் பெண்கள், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மணிக்கணக்கில் வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநர்கள் ஆகியோரின் முதுகும் தோளும் கணுக்காலும்தான் எங்களைப் போன்ற உடற்சிகிச்சையாளர்களிடம் அன்றாடம் வந்து சேர்கின்றன. வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லியிருப்பதில்லை. அதனால் ஆடையை எவ்வளவு கழற்றுவது, வலித்தால் சொல்லலாமா, பாதியில் நிறுத்தச் சொன்னால் தவறாக நினைப்பார்களா என்ற தயக்கத்துடனே படுக்கிறார்கள். தயங்கும் உடல் இறுகிக்கொள்கிறது. இறுகிய உடலில் எவ்வளவு கைதேர்ந்தவர் கைவைத்தாலும் பாதிப் பலன்தான் கிட்டும். மேசையில் படுத்திருப்பவர் கேள்வி கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் பழகிக்கொண்டால் சிகிச்சையின் தரமே மாறிவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

முதல் படி: எதற்காகப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

உடல் களைப்பு நீங்கி நன்றாகத் தூங்க வேண்டும் என்பதற்காகப் போவதும், மூன்று மாதமாகத் தூக்க முடியாத தோளைச் சரிசெய்யப் போவதும் வெவ்வேறு தேவைகள். முதல் தேவைக்கு எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவும் மசாஜ் போதும். இரண்டாவதற்கு, அந்தத் தோளை முதலில் சோதித்துப் பார்க்கத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் அல்லது மருத்துவர் தேவை.

நம் பகுதியில் கிடைக்கும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சித்த மருத்துவத்தில் உடலின் வெளியே செய்யும் புற மருத்துவம் முப்பத்திரண்டு வகைப்படும். அவற்றுள் ஒன்றான தொக்கணம் கையால் செய்யும் சிகிச்சையாகும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது செயல்முறைகள் இதில் அடங்கும். உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைக் கையாளும் வர்ம சிகிச்சையில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்கள் கணக்கிடப்படுகின்றன. இதை குருவிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்களிடமோ முறையாகப் படித்த சித்த மருத்துவரிடமோ அல்லாமல், கைப்பேசிக் காணொளி பார்த்துக் கற்றவரிடம் செய்துகொள்ளக் கூடாது. ஆயுர்வேத அப்யங்கத்தில் வெதுவெதுப்பான எண்ணெயைத் தலை முதல் கால் வரை தேய்ப்பார்கள். பல இடங்களில் இருவர் இருபுறமும் நின்று ஒரே சீராகத் தேய்ப்பதும், அதன்பின் ஆவி பிடிக்க வைப்பதும் வழக்கம். ஸ்வீடிஷ் மசாஜ் என்பது நீண்ட நீவல்களும் பிசைதலும் கொண்ட மென்மையான முறை. டீப் டிஷ்யூ என்பது அதைவிட மெதுவாகவும் ஆழமாகவும் அழுத்துவது. தாய்லாந்து மசாஜில் எண்ணெய் இல்லை. தளர்வான உடையுடன் தரை மெத்தையில் படுக்கவைத்து, கை கால்களை இழுத்து வளைப்பார்கள். இந்த முறையை 2019-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சுளுக்கு எடுக்கும் பெரியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்; அவர்களில் சிலரது விரல்களுக்கு இருக்கும் நுண்ணுணர்வை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் கீழே விழுந்த பிறகோ, வண்டியில் அடிபட்ட பிறகோ வீங்கிய மணிக்கட்டையும் கணுக்காலையும் எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் உருவக் கொடுக்கக் கூடாது. மெல்லிய எலும்பு முறிவு வெளியே பார்ப்பதற்குச் சுளுக்கைப் போலவே இருக்கும். கை அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டான்லி அரசு மருத்துவமனையை இராயபுரத்துக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு, விரல் நரம்பு அறுந்த கையை எண்ணெய்க்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பது பெரும் இழப்பில் முடியும்.

இரண்டாம் படி: மசாஜ் கூடாத நேரங்கள்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். இடது தோளும் கையும் குடைகின்றன, நெஞ்சு அடைக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் "வாய்வு புடிச்சிருக்கு, கொஞ்சம் நீவி விடுங்க" என்று கேட்பது நம் வீடுகளில் சகஜம். அது மாரடைப்பாக இருக்கக்கூடும். அந்த நேரத்தில் தைலத்தைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருந்தால், ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின்னும், பல நாள் படுத்த படுக்கையாக இருந்த பின்னும், நீண்ட பயணத்துக்குப் பின்னும் இது வர வாய்ப்பு அதிகம். அந்தக் காலை அமுக்கினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் அபாயம் உண்டு. இடுப்பு வலியுடன் கால் வலுவிழப்பதும், தொடைகளின் இடைப்பகுதி மரத்துப்போவதும், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

நீரிழிவு நோயாளிகள் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சூடான ஒற்றடத்தில் தோல் வெந்துபோவதே அவர்களுக்குத் தெரியாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்குச் சாதாரண அழுத்தமே கன்றிப்போகச் செய்யும். காய்ச்சல் இருக்கும் நாளில் மசாஜ் வேண்டாம். தோலில் படர்தாமரை, சிரங்கு போன்ற தொற்று இருந்தால், குறிப்பாக நம் கடலோரப் புழுக்கத்தில், விரிப்பு வழியாகவும் கை வழியாகவும் அது பிறருக்குப் பரவும் என்பதால் குணமாகும் வரை தள்ளிவைப்பதே நியாயம். கர்ப்பிணிகளும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அத்தகைய உடல்நிலையைக் கையாளப் பயிற்சி பெற்றவரிடம் மட்டும் போகலாம்.

மூன்றாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

சித்த மருத்துவமனை என்றால் பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேதம் என்றால் பி.ஏ.எம்.எஸ்., பிசியோதெரபி என்றால் பி.பி.டி. படித்தவர் பொறுப்பில் இருக்கிறாரா என்று கேளுங்கள். மசாஜ் நிலையம் என்றால் மாநகராட்சி உரிமம் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம், நேரம், ஆண் சிகிச்சையாளரா பெண் சிகிச்சையாளரா ஆகிய மூன்றையும் தொலைபேசியிலேயே உறுதிசெய்துகொள்ளலாம். இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டியதில்லை.

உள்ளே நுழைந்ததும் பார்க்க வேண்டியவை மிக எளியவை. மேசை விரிப்பு உங்கள் கண்முன் மாற்றப்பட வேண்டும். குறைந்தது, இப்போதுதான் மாற்றியது என்று தெரிய வேண்டும். எண்ணெயைப் பெரிய பாட்டிலிலிருந்து சிறு கிண்ணத்தில் ஊற்றி எடுப்பதே சரியான முறை; ஒருவர் உடலைத் தொட்ட கையை மீண்டும் அதே பாட்டிலில் விடுபவரிடம் சுத்தத்தை எதிர்பார்க்க முடியாது. சிகிச்சையாளரின் நகம் ஒட்ட வெட்டப்பட்டிருக்க வேண்டும். இவையெல்லாம் பெரிய வரவேற்பறையும் வாசனை மெழுகுவத்தியும் உள்ள இடங்களில்தான் இருக்கும் என்பதில்லை. கொருக்குப்பேட்டையின் ஒற்றை அறைக் கிளினிக்கிலும் இதைக் கடைப்பிடிப்பவர்களை நான் அறிவேன்.

நான்காம் படி: கிளம்புவதற்கு முன்

சாப்பிட்டு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கழித்துப் போவது நல்லது. வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். மது அருந்திவிட்டுப் போகக் கூடாது. குளித்துவிட்டு, எளிதில் கழற்றக்கூடிய பழைய பருத்தி உடையை அணிந்து செல்லுங்கள். ஏனென்றால் மருந்துத் தைலங்களின் கறையும் மணமும் இரண்டு மூன்று சலவைக்கும் போகாது. நகைகளை வீட்டிலேயே வைத்துவிடலாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதைச் சொல்லிவிட்டால், கழுத்துப் பகுதியில் அதற்கேற்ப வேலை செய்வார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எது இருந்தாலும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஐந்தாம் படி: முதல் பத்து நிமிடப் பேச்சு

நல்ல சிகிச்சையாளர் எண்ணெயைத் தொடும் முன் கேள்விகளைத் தொடங்குவார். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, எந்த அசைவில் கூடுகிறது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா, என்ன வேலை செய்கிறீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதற்காவது ஒவ்வாமை உண்டா என்பன அவற்றுள் சில. "உடம்பு பூரா வலிக்குது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பெட்டியைத் தோளுக்கு ஏத்தும்போது இந்த இடத்துல சுருக்குனு இழுக்குது" என்று விரலால் தொட்டுக் காட்டுவது பத்து மடங்கு உதவும். கடுகு, எள், நிலக்கடலை ஆகியவற்றில் எதுவும் ஒத்துக்கொள்ளாது என்றால் எண்ணெய் எது என்று கேட்டே ஆக வேண்டும். எந்தெந்தப் பகுதிகளில் கை வைப்பார்கள் என்பதையும், எங்கே வைக்கக் கூடாது என்ற உங்கள் விருப்பத்தையும் பேசி முடிக்க வேண்டிய நேரமும் இதுவே. எதையுமே கேட்காமல் "படுங்க" என்று சொல்பவரிடம் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: உடையும் போர்வையும்

சிகிச்சையாளர் அறையைவிட்டு வெளியேறிய பிறகு, உங்களுக்கு ஒவ்வாத எதையும் கழற்றாமல், மனம் ஏற்கும் அளவுக்கு மட்டும் உடையைக் களைந்துவிட்டு, போர்வைக்குள் படுத்துக்கொள்ள வேண்டும். உள்ளாடையை அணிந்துகொண்டே இருக்கலாம். ஆயுர்வேத நிலையங்களில் கட்டிக்கொள்ள ஒரு துணியோ ஒருமுறை பயன்படுத்தும் உள்ளாடையோ தருவார்கள். வேலை நடக்கும் பகுதி மட்டுமே திறந்திருக்கும். முதுகைத் தேய்க்கும்போது கால்கள் மூடியிருக்கும், காலுக்கு வரும்போது முதுகு மூடப்படும். மார்பும் பிறப்புறுப்பும் எப்போதும் மூடியே இருக்க வேண்டும். பெண்கள் தங்களுடன் அக்காவையோ அம்மாவையோ அறைக்குள் வைத்துக்கொள்ள விரும்பினால், அதை மறுக்க எந்த நியாயமான காரணமும் இல்லை.

ஏழாம் படி: மேசையின் மேல்

பெரும்பாலும் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். மேசையின் தலைப்பகுதியில் முகம் பதிக்க ஒரு துளை இருக்கும். அது இல்லாவிட்டால் நெற்றிக்குக் கீழே மடித்த துண்டு வைத்துக்கொள்ளலாம். கணுக்காலுக்கு அடியில் ஓர் உருளைத் தலையணை வைத்தால் இடுப்பு இறுக்கம் உடனே குறையும். அவர்கள் வைக்கவில்லை என்றால் கேளுங்கள். முதல் தொடுதல் பெரும்பாலும் முதுகின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஓரிரு மூச்சு நேரம் அசையாமல் வைப்பதாக இருக்கும். பின்பு எண்ணெயைக் கையில் சூடுபறக்கத் தேய்த்து, இடுப்பிலிருந்து கழுத்து நோக்கி நீண்ட நீவல்கள் தொடங்கும். இந்த நீவலின்போதுதான் எங்கள் விரல்கள் எந்தத் தசை கயிறுபோல் திரண்டிருக்கிறது, எங்கே தொட்டதும் தோல் சுருங்குகிறது என்பதை அறிந்துகொள்கின்றன. அடுத்து பிசைதல், அதன் பிறகுதான் ஆழமான அழுத்தம்.

ஐஸ் பெட்டி தூக்குபவர்களின் தோள்பட்டையின் உள் ஓரத்தில், அந்தப் பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே, ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தசை முடிச்சு அடிக்கடி கைக்குத் தட்டுப்படும். அதன்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக எடையைக் கூட்டும்போது, வலி அந்த இடத்தோடு நில்லாமல் கழுத்தின் பக்கவாட்டிலோ மேற்கையிலோ பரவுவதை அவர்கள் வியப்போடு சொல்வார்கள். "அண்ணே, இப்ப வலி பத்துக்கு எத்தனை?" என்று நான் கேட்பது வழக்கம். ஐந்து, ஆறு என்றால் அந்த அழுத்தத்திலேயே நிற்பேன். அரை நிமிடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் இடையில் வலி மூன்றுக்கு இறங்கும். எட்டு என்றால் கையைத் தளர்த்திவிடுவேன். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர் வீரத்தைக் காட்டுகிறார் என்றாலும், அவருடைய தசைகள் தற்காப்புக்காக இன்னும் இறுகுகின்றன. நாங்கள் தளர்த்துவதும் அவர் இறுக்குவதும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. "நல்லா அமுக்குங்க, அழுத்துனாத்தான் வேலை செய்யும்" என்ற எண்ணம் நம் பகுதியில் ஆழமாக வேரூன்றியிருப்பதால் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

தாங்கக்கூடிய வலி மழுங்கலாகவும் பரவலாகவும் இருக்கும். மூச்சை வெளியே விடும்போது குறையும். மின்சாரம் பாய்ந்ததைப் போல் சுள்ளென்று கைவிரலுக்கோ காலுக்கோ ஓடும் வலியும், மரத்துப்போதலும், ஊசி குத்துவது போன்ற உணர்வும் நரம்பு நசுங்குவதைக் குறிக்கலாம். அப்போது "நிறுத்துங்க" என்ற ஒரே சொல் போதும். மூச்சை அடக்கிக்கொள்ளாமல் சாதாரணமாக விடுங்கள். பேச விரும்பினால் பேசலாம், அமைதி வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம். மின்விசிறியைக் குறைக்கவோ கூட்டவோ சொல்வதும், கால் மரத்துவிட்டது என்று திரும்பிப் படுப்பதும், சிறுநீர் கழிக்க எழுந்து போவதும் முற்றிலும் இயல்பானவை. வயிறு கடமுடவென்று சத்தம் போடலாம், குறட்டை வரலாம், காரணமே தெரியாமல் கண்ணீர் வரலாம். உடல் தளரும்போது இவை தாமாகவே நிகழ்பவை என்பதைப் பயிற்சி பெற்ற எவரும் அறிவார்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முடிதிருத்தும் நிலையங்களில் தலை மசாஜ் முடிந்ததும், தாடையையும் பின்தலையையும் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கழுத்தெலும்பின் வழியாக மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் இந்தத் திடீர்த் திருப்பலில் கிழிந்து, பக்கவாதம் வரை கொண்டுசென்ற நிகழ்வுகள் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன. அரிதாகவே நிகழ்ந்தாலும் விளைவு மீளமுடியாததாகிவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்ததுமே "தலை மட்டும் புடிச்சு விடுங்க தம்பி, கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: எல்லை மீறப்பட்டால்

பேசிக்கொண்ட பகுதிக்கு வெளியே கை போனாலும், போர்வை தேவையில்லாமல் விலக்கப்பட்டாலும், உடல் தோற்றத்தைப் பற்றிய பேச்சு எழுந்தாலும், உடனே எழுந்து உடையணிந்து வெளியேறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181, காவல் துறை அவசர எண் 112. சிகிச்சையாளரிடம் வாடிக்கையாளர் அத்துமீறுவதும் அதே அளவு குற்றமே; எங்கள் துறையில் பணிபுரியும் பெண்கள் இதை எவ்வளவு மௌனமாகச் சுமக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை அழுத்தமாகவே எழுதுகிறேன்.

ஒன்பதாம் படி: முடிந்த பிறகு

சட்டென்று எழுந்திருக்க வேண்டாம். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, ஓரிரு நிமிடம் கழித்துக் காலைத் தரையில் வையுங்கள். இரத்த அழுத்தம் சற்று இறங்கியிருப்பதால், குறிப்பாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலை சுற்றலாம். எண்ணெய்ப் பாதம் டைல்ஸ் தரையில் வழுக்கும். உள்ளங்காலைத் துடைக்காமல் நடக்காதீர்கள். எண்ணெய்க் கையோடும் கண் சொக்கும் தூக்கத்தோடும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வாகனத்தை ஓட்டிச் செல்வதைவிட, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போகிறவர்களுக்கு மெட்ரோ ரயிலும் இருக்கிறது.

தண்ணீரோ மோரோ தாகத்துக்கேற்பக் குடித்தால் போதும். மசாஜ் உடலின் நச்சுகளை வெளியேற்றுகிறது, தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைக் கரைக்கிறது என்று பல விளம்பரங்கள் சொல்கின்றன, இரண்டும் சரியல்ல. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. கடும் உழைப்பில் உண்டாகும் லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரம் அளவில் தானாகவே குறைந்துவிடும். மசாஜின் பலன் வேறு விதமானது: இதமான அழுத்தத்தால் நரம்பு மண்டலம் அமைதியடைகிறது, தசை தன் இறுக்கத்தை விடுகிறது, சில நாட்களுக்கு வலி குறைந்து அசைவு எளிதாகிறது. அந்தச் சில நாட்களில் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியைச் செய்து, தூக்கும் முறையையும் மாற்றிக்கொண்டால்தான் நிவாரணம் நீடிக்கும்.

மருந்துத் தைலம் என்றால் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, பின்னர் வெந்நீரில் பச்சைப்பயறு மாவோ சீயக்காயோ தேய்த்துக் குளிக்கலாம். ஆழமாக அழுத்திய இடங்களில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடற்பயிற்சிக்குப் பின் வருவது போன்ற வலி இருப்பது வழக்கம். மூன்றாம் நாளும் வலி கூடிக்கொண்டே போனாலோ, பெரிய கன்றல்கள் தோன்றினாலோ, தோல் தடித்து அரித்தாலோ சிகிச்சையாளருக்குத் தெரிவியுங்கள். அடுத்த முறை அழுத்தத்தையோ எண்ணெயையோ மாற்ற அது உதவும்.

எத்தனை முறை?

களைப்பு நீங்குவதற்கான மசாஜுக்குக் கணக்கு எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை போதும் என்பவர்களும் உண்டு. நாள்பட்ட வலிக்கு வாரம் ஒன்றிரண்டு முறை என மூன்று நான்கு வாரம் பார்க்கலாம். முதல் நாளிலேயே மொத்தப் பணத்தையும் கட்டி நீண்ட தொகுப்பு எடுத்துக்கொள்ளுமாறு வற்புறுத்தினால், ஒரு முறை செய்துபார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறிவிடுங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகும் தோளை உயர்த்தும் அளவோ, இரவுத் தூக்கமோ, நடக்கும் தூரமோ சிறிதளவும் முன்னேறவில்லை என்றால் அதே சிகிச்சையைத் தொடர்வதில் பொருளில்லை. அந்நிலையில் அரசு மருத்துவமனையின் எலும்பியல் புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கி, இதுவரை என்ன சிகிச்சை, எத்தனை முறை, எந்த எண்ணெய், எந்த அசைவில் இன்னும் வலிக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரேக்களுடன் மருத்துவரிடம் கொடுங்கள்.